குலசிங்கத்தாரின் குசினியில் ஓடிய ஆறு

புளியங்கூடலில் ஓர் ஆறு பிறந்திருக்கிறது என்ற செய்தி புளியங்கூடல்காரருக்குத்தான் கடைசியாகத் தெரியவந்தது. அதற்குள் ஆற்றுக்கு எட்டு மாதமாகிவிட்டது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் அலுவலகத்தில் அதற்கு இலக்கம் கொடுத்து, நீளம் அகலம் எழுதி, கோப்புத் திறந்து, எந்த ஆண்டில் எத்தனை வீட்டை அது அடித்துக்கொண்டு போகும் என்பதையும் முடிவு செய்து வைத்திருந்தார்கள். ஊர்க்காரர் மட்டும் ஒன்றும் அறியாமல் ஆடு கட்டிக்கொண்டும் புகையிலைக்கு நிலம் கொத்திக்கொண்டும் திரிந்தார்கள்.

தீவுப்பகுதியை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்க வேண்டும். இங்கே ஆறு கிடையாது. ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவு வரை எந்தத் தீவிலும் கிடையாது. இருந்து வற்றிப்போனதாக ஒரு கதைகூடக் கிடையாது. மழை பெய்தால் வயல் குடிக்கும், மிச்சத்தைக் கடல் குடிக்கும். கிணற்றில் உப்பில்லாத தண்ணீர் ஊறுகிற வீடென்றால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் சாதகத்தைக்கூட அவ்வளவு துருவிப் பார்க்கமாட்டார்கள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை தபாற்காரர் நீளமான கடித உறையொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். குலசிங்கத்தார் அதை நின்ற நிலையிலேயே பிரித்தார். இரண்டு மாரியாக அவர் காத்திருந்த பதில் அது. கடிதத்தின் தலையில் ‘ஆற்று வெள்ள அபாய மாதிரியாக்கல் நிலையம்’ என்று அச்சடித்திருந்தது. கீழே இப்படி இருந்தது:

‘மதகு அடைபட்டமை தொடர்பான தங்களின் நான்கு கடிதங்களும் கிடைத்தன. செய்மதிப் படத்தை ஆராய்ந்ததில், தங்கள் வீடு தீவகம்-7 என்னும் ஆற்றின் நடுப்படுகையில் அமைந்திருப்பது தெரியவந்துள்ளது. ஓடும் ஆற்றுக்குள் எவ்வித அனுமதியுமின்றி வீடு கட்டிக் குடியிருப்பதற்கான காரணத்தைப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.’

மனைவி அன்னபூரணம் குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னப்பா, மதவு துப்பரவாக்க வருகினமாமோ?”

“இல்லை. நாங்கள் ஆற்றுக்குள்ளை இருக்கிறமாம்.”

“எந்த ஆற்றுக்குள்ளை?”

“ஏழாம் நம்பர் ஆற்றுக்குள்ளை.”

அன்னபூரணம் வெளியே வந்து படலையைத் திறந்து ஒழுங்கையை இரண்டு பக்கமும் பார்த்தாள். புழுதிக்குள் ஒரு நாய் படுத்திருந்தது. ஆவணி வெயிலில் ஒழுங்கை மண் அவள் கண்ணைக் கூசவைத்தது.

“நம்பர் வைக்க முதல் ஆரும் வந்து பாக்கேல்லையோ?” என்று கேட்டுவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

குலசிங்கத்தார் குருநாகலில் இருபத்தாறு வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. அகதிக் கப்பலில் ஏறி, கட்டிய வேட்டியோடும் கடைப் பூட்டின் திறப்போடும் ஊருக்கு வந்தார். திறப்பைக் குசினிச் சுவரில் ஓர் ஆணியில் கொழுவிவிட்டு, இனி இந்த வீடுதான் என்று இருந்துவிட்டார். அன்னபூரணத்தின் சீதன வீடு. மூன்று அறை, ஓட்டுக் கூரை, சற்றுத் தள்ளி மண்சுவரில் ஒரு குசினி. ஐம்பத்துநாலு வயதில் அவருக்கு மிச்சமிருந்தது அவ்வளவுதான். அந்த மிச்சத்துக்குள் முதல் மாரியிலேயே வெள்ளம் வந்தது. கடைக்காகக் கண்கலங்காத மனிதர், குசினிச் சுவரின் அடிமண் கரைந்து சரிந்ததைப் பார்த்து உட்கார்ந்து அழுதார்.

வெள்ளத்துக்குக் காரணம் ஊருக்கே தெரிந்தது. ஒழுங்கை முடிகிற இடத்தில் பெருந்தெருவுக்குக் கீழே ஒரு மதகு. மழைத் தண்ணீர் அதற்குள்ளால் கடலுக்குப் போகவேண்டும். ஆனால் தென்னோலையை மாதக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பின்னினால்தான் கிடுகு கறையான் அரிக்காமல் நிற்கும். வெளியே கடலில் போட்டால் அலை கொண்டுபோய்விடும். கடல்நீர் ஏறும் மதகுக்குள் போட்டுக் கல்லேற்றினால் அப்படியே கிடக்கும், நிழலும் உண்டு. ஆகவே வீட்டுக்கு வீடு ஒரு கட்டு, ஒவ்வொரு கட்டுக்கும் அந்தந்த வீட்டு முடிச்சு. இன்னொருவர் ஓலையில் கைவைப்பது அவர் வீட்டு அலுமாரியைத் திறப்பதற்குச் சமம். அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

கேடு என்னவென்றால், கட்டுப் போட்டவர்களில் பாதிப்பேர் இப்போது ஊரில் இல்லை. ஒருவர் ஜேர்மனி, ஒருவர் கனடா, ஒருவர் எங்கே என்று வீட்டாருக்கே தெரியாது. ஆள் திரும்பி வந்து முடிச்சை அவிழ்க்கும் வரைக்கும் ஓலை அங்கேயே கிடக்கவேண்டியதுதான். அரசாங்கம் வந்து இழுத்துப் போட்டால் ஒருவருக்கொருவர் முகம் முறிக்கவேண்டியதில்லை. அதற்காகத்தான் கடிதம். மதகுக்குள் அன்னபூரணத்தின் கட்டும் ஒன்று கிடந்தது. அதைக் குலசிங்கத்தார் கடிதத்தில் குறிப்பிடவில்லை.

வேறொன்றையும் அவர் கொஞ்சம் மாற்றித்தான் எழுதியிருந்தார். உண்மையில் வந்த வெள்ளம் கணுக்காலுக்கு மேலே இரண்டு விரற்கடை. முதற் கடிதத்தில் ‘கணுக்கால் அளவு’ என்று நேர்மையாகவே எழுதினார். பதில் இல்லை. இரண்டாவதில் முழங்கால் என்றார். அதற்கும் இல்லை. மூன்றாவதில் இடுப்பு. நாலாவது எழுதும்போது அன்னபூரணம் பக்கத்தில் நின்று, “கழுத்து எண்டு போடுங்கோ, அப்பதான் படிப்பாங்கள்” என்றாள். போட்டார். மனுக் கடிதம் எழுதுகிற எவரும் செய்கிறதுதான். எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். இந்தமுறை படித்தவர்களுக்கு அது தெரியவில்லை.

சண்டை ஓய்ந்திருந்த மாதங்கள் அவை. குலசிங்கத்தார் ஏறிய பஸ் பண்ணைப் பாலத்தை மறிப்பில்லாமல் தாண்டியது. நிலையம் பட்டினத்தில் ஒரு மாடி வீட்டில் இருந்தது. பதினொரு உத்தியோகத்தர், ஒரு கணனி, ஏழு ஆறு. கிராமத்து ஆறுகளின் நீரேந்து பிரதேசங்களை வானத்தில் சுற்றும் செய்மதி மூலம் ஆராய்ந்து வெள்ளத்தை முன்கூட்டியே சொல்வதற்கென்று ஏதோ ஒரு வெளிநாடு தந்த நிலையம். ஆறில்லாத இடத்தில் அதை ஏன் வைத்தார்கள் என்று கேட்பது மரியாதையில்லை. மாகாணத்துக்கு ஒன்று என்று வந்தது. வேண்டாம் என்றால் இன்னொரு மாகாணம் இரண்டு எடுத்துக்கொள்ளும். முதலில் நிலையம் வந்தது. ஆறுகள் பிறகு வந்தன.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கணனி இருக்கிற அறைக்குத் தூசி ஆகாதாம். உள்ளே மார்கழிக் குளிர். மேசையில் கணனி இருந்தது. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். அன்று வெள்ளிக்கிழமை. இரண்டு உத்தியோகத்தர் கைகட்டி நின்றார்கள். குலசிங்கத்தாரும் ஏனென்று தெரியாமல் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

பணிப்பாளர் கலாநிதி நீலகண்டன் இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். நல்ல மனிதர்தான். ஆறு வருடம் வெளிநாட்டில் பெரிய பெரிய ஆறுகளின் வெள்ளத்தைப் படித்தவர். படித்ததை எங்காவது பயன்படுத்தவேண்டும் என்ற தவிப்பு அவர் முகத்தில் தெரிந்தது. சிவப்பும் கறுப்புமான ஒரு பெரிய படத்தை மேசையில் விரித்தார்.

“சிவப்பு என்றால் மரஞ்செடி. கறுப்பு என்றால் தண்ணீர். இதோ, இதுதான் உங்கள் ஆறு.”

விரலுக்குக் கீழே புகையிலைத் துணிக்கை அளவில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. குலசிங்கத்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். தெரு வளைவும் வயல் வெளியும் பிடிபட்டன.

“ஐயா, இது எங்கட ஒழுங்கை. போன மார்கழி மதவு அடைச்சு நிண்ட வெள்ளம்.”

“அன்றைக்குத் தண்ணீர் நின்றதா, இல்லையா?”

“நிண்டது.”

“நீளமாக நின்றதா?”

“ஒழுங்கை நீளம் தானே ஐயா. நீளமாத்தான் நிண்டது.”

“நீளமாக இருக்கிற தண்ணீருக்கு விஞ்ஞானத்தில் ஆறு என்று பெயர். வட்டமாக இருந்தால் குளம் என்று பதிந்திருப்போம்.”

குலசிங்கத்தார் படத்தில் விரலை ஓட்டினார். “எங்கட வீடு இதிலை எங்கை ஐயா?”

“உங்கள் வீடு, கிணறு, ஆட்டுக்கொட்டில் எல்லாம் சேர்ந்து ஒரு புள்ளி. ஒரு புள்ளி என்றால் முப்பது மீற்றர். அந்தப் புள்ளி கறுப்பு.”

“அரைவாசிதான் ஐயா தண்ணி வந்தது. அதுவும் குசினிப் பக்கம்.”

“புள்ளிக்கு அரைவாசி கிடையாது,” என்றார் பணிப்பாளர் பரிவோடு.

“நீங்கள் ஒருக்கா வந்து பாத்தால் விளங்கும். பஸ்ஸில முக்கால் மணித்தியாலம்.”

அறையில் நின்ற இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பேசப்போகிறார் என்பதற்கு அது அடையாளம்.

“நேரில் பார்ப்பது என்பது பழைய முறை. நேரில் போகிறவன் தன் கால் நிற்கிற இடத்தைத்தான் பார்க்கிறான். மண்ணைப் பார்க்கிறான், ஆட்டைப் பார்க்கிறான், மனம் குழம்புகிறான். நான் இந்த ஆற்றை நானூற்று முப்பத்தெட்டு மைல் உயரத்திலிருந்து பார்த்தவன். இதுவரை என் ஏழு ஆறுகளில் ஒன்றையும் நேரில் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏழு வந்திருக்குமா?”

வராது என்று குலசிங்கத்தாருக்கும் பட்டது.

“படம் மட்டும் போதாது. தரைச் சான்றும் வேண்டும்,” என்று பணிப்பாளர் ஒரு கோப்பைத் திறந்தார். குலசிங்கத்தாரின் நான்கு கடிதங்களும் வரிசையாகக் கிடந்தன. ‘கணுக்கால்’, ‘முழங்கால்’, ‘இடுப்பு’, ‘கழுத்து’ என்ற சொற்களுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு. “இவ்வளவு ஒழுங்கான அவதானிப்பை நாங்கள் வேறு எங்கும் காணவில்லை. பதின்மூன்று மாதத்தில் நாலு அளவு. நாலையும் கணனிக்குக் கொடுத்தோம். ஒரே நேர்கோடு!”

கணனி கீறிய நேர்கோட்டை எடுத்துக் காட்டினார். அது கணுக்காலில் தொடங்கிக் கழுத்தைத் தாண்டித் தாளின் மேல் விளிம்பை நோக்கிப் போனது. வருகிற கார்த்திகையில் குசினி வாசலில் ஏழு அடி. எண்பத்தெட்டில் தென்னை உயரம். தொண்ணூறில் கோயில் கோபுரத்தின் கலசம் மட்டும் வெளியே தெரியும்.

குலசிங்கத்தாருக்கு வியர்த்தது. அந்தக் குளிரறையில் வியர்த்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும்.

“ஆகவே கார்த்திகை இருபதாம் திகதி உங்கள் வீட்டுக் குசினி வாசலில் ஓர் அளவுகோல் நடுகிறோம். திறப்புவிழா வைத்துத்தான். அன்றைக்கு அளவுகோல் இரண்டடி காட்டினால் போதும், படுகையை விட்டு வெளியேறும் கட்டளை உடனே நடைமுறைக்கு வரும். பயப்படாதீர்கள். உங்கள் உயிரைக் காப்பாற்றத்தான் இவ்வளவும்.”

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டு நின்றவரைப் பார்த்து, தட்டெழுத்து யந்திரத்துக்கு முன்னால் இருந்த பெண் எழும்பி வந்தாள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் சறோஜினிதேவி என்று மேசையில் பலகை இருந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“தங்கச்சி, கழுத்தளவு எண்டது பொய். கணுக்கால்தான் வந்தது. இண்டைக்கே எழுதித் தாறன், மாத்துங்கோ.”

“ஏலாது ஐயா. உங்கட கடிதம் சரியெண்டதுக்குச் செய்மதி சாட்சி. செய்மதி சரியெண்டதுக்கு உங்கட கடிதம் சாட்சி. இப்ப ஒண்டைக் கழட்டினா மற்றதும் விழுந்திடும். பணிப்பாளர் விடமாட்டார்.”

“எங்கட ஊரில ஆறு இல்லைப் பிள்ளை.”

“தெரியும் ஐயா. நான் அனலைதீவாள். எங்கட ஊருக்கு ரெண்டு ஆறு குடுத்திருக்கினம். அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை.” பிறகு குரலைத் தாழ்த்தி, “மதவு அடைச்சது என்னத்தாலை?” என்று கேட்டாள்.

ஓலைக் கட்டுகளின் கதையைச் சொன்னார். ஜேர்மனிக்காரன் கட்டு, கனடாக்காரன் கட்டு, தொடக்கூடாத முடிச்சுகள். கடைசியில் வெட்கத்தோடு, “எங்கட வீட்டுக் கட்டும் ஒண்டு கிடக்குது” என்றார். சறோஜினிதேவி சிரிக்கவில்லை. அவள் ஊரிலும் மதகு இருந்தது, ஓலையும் இருந்தது.

புரட்டாதி முழுவதும் குலசிங்கத்தார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகில் கறுத்தால் எழும்பிப் போய் மதகைப் பார்த்துவிட்டு வருவார். இரண்டடியென்ன, கணுக்கால் தண்ணீர் நின்றாலே இவர்கள் அதை இரண்டடி என்று எழுதிவிடுவார்கள் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. புள்ளிக்குத்தான் அரைவாசி கிடையாதே. சாமான்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

“அதென்ன அடுக்கிறியள்?”

“போகச் சொன்னால் போகத்தானே வேணும். ஒருக்கா அடுக்க நேரமில்லாமல் ஓடி வந்தனான். இந்தமுறையெண்டாலும் அடுக்கிக்கொண்டு போவம்.”

அன்னபூரணம் பெட்டியைத் திறந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப வைத்தாள். “என்ரை அப்பர் கட்டின வீடு. இல்லாத ஆற்றுக்குப் பயந்து நான் அரக்கமாட்டன். ஆறு வந்து என்னட்டைச் சொல்லட்டும் பாப்பம்.”

குலசிங்கத்தார் வெறும் பெட்டியை மூடி மூலையில் வைத்தார். அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

ஐப்பசி கடைசியில் நிலையத்தின் சுற்றறிக்கை வந்தது. தபாற்கந்தோரிலும் சங்கக் கடையிலும் ஒட்டினார்கள். அதில் எட்டு அம்சங்கள் இருந்தன. மூன்றாவது, பணிப்பாளர் ஆற்றில் வெள்ளோட்டம் போவதற்கு ஒரு வள்ளம் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பது. ஆறாவது இது:

‘பிரதான விருந்தினருக்கு இருநூறு கிடுகில் பந்தல் போடப்படும். ஆற்றங்கரைவாசிகள் தாங்கள் ஊறவைத்துள்ள ஓலை அனைத்தையும் விழாத் தேவைக்காக ஒப்படைக்கவேண்டும். ஊரில் இல்லாதோரின் ஓலையும் அரசாங்க உத்தரவின் பேரில் எடுக்கப்படும். நீரில் எஞ்சிய ஓலை எதுவும் விடப்படலாகாது.’

கீழே பணிப்பாளரின் கையெழுத்து. அவர் நாளுக்கு அறுபது கடிதத்துக்குக் கையெழுத்து வைக்கிறவர்.

வள்ளத்துக்கு ஆற்றுக்குள் குடியிருப்பவரே பொறுப்பு என்றார்கள். அதைத் தேடிப் பக்கத்து ஊரான கரம்பொன்னுக்குப் போனபோதுதான் குலசிங்கத்தாருக்குக் குருசுமுத்துவின் ஞாபகம் வந்தது. முன்னர் தெருப் போடுகிற பகுதியில் வேலை செய்தவர். அந்த மதகைக் கட்டியபோது கல் சுமந்தவர். இப்போது சிறு வள்ளம் வைத்து மீன் பிடிக்கிறார். சுற்றறிக்கையைப் படித்துக் காட்டியதும் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்.

“அண்ணை, வள்ளத்தை ஒழுங்கைக்குக் கொண்டுவாறது என்ரை பொறுப்பு. வண்டிலிலை ஏத்தலாம். ஆனால் அந்த ஆறாம் அம்சத்தைத் திருப்பி வாசியுங்கோ.”

திருப்பி வாசித்தார்.

“அரசாங்க உத்தரவு எண்டு போட்டிருக்கு. இனி ஆர் கோபிக்கிறது?”

மறுநாள் காலை குருசுமுத்து மதகுக்குள் இறங்கினார். ஊரே தெருவில் நின்றது. முதலாவது கட்டு வந்தது, யாருடைய முடிச்சு என்று பார்த்து, “அரசாங்கத்துக்கு!” என்று உரத்துச் சொல்லித் தெருவில் போட்டார். ஜேர்மனிக்காரனின் தாய் சுற்றறிக்கையை ஒருதரம் பார்த்துவிட்டு, “சரி, எடுங்கோ. அவன்ரை பேருக்கும் பந்தலிலை ரெண்டு கிடுகு கிடக்கட்டும்” என்றாள். கட்டுக்கு மேல் கட்டு வந்தது. அறுபத்துமூன்று கட்டு. அடியில் கிடந்தவை கறுத்துக் குழைந்து கிடுகுக்கு ஆகாமல் போயிருந்தன. அவற்றைப் பக்கத்துப் புகையிலைத் தோட்டத்துக்கு எருவாக இழுத்துப் போட்டார்கள். நல்ல ஓலையை எடுத்துப் பெண்கள் கோயில் வீதியில் வட்டமாக இருந்து பின்னினார்கள். கதைக்கு என்ன குறை. ஆற்றைப் பற்றியே நாலு நாள் கதைத்தார்கள். கடைசிக் கட்டு வெளியே வந்தபோது மதகின் மறுபக்கத்துக் கடல் வெளிச்சம் இந்தப் பக்கம் தெரிந்தது. குலசிங்கத்தார் குனிந்து பார்த்தபடியே நின்றார். இரண்டு வருடமாக அவர் கேட்ட வெளிச்சம் அது.

கார்த்திகை பதினேழு தொடங்கிப் பெருமழை. இருபதாம் திகதி காலையிலும் வானம் பிளந்து கொட்டிக்கொண்டிருந்தது. பணிப்பாளருக்கு அளவற்ற மகிழ்ச்சி. நிலையத்தார் இரண்டு வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். அவர் செம்மஞ்சள் நிற மிதப்புச் சட்டை போட்டிருந்தார். அது அவருக்கு வெளிநாட்டில் பரிசாகக் கிடைத்தது. பந்தலின் கிடுகில் ஒரு பொட்டு ஒழுக்கில்லை. ஒழுங்கையின் நடுவே குருசுமுத்துவின் வள்ளம் மண்ணில் சரிந்து கிடந்தது. குசினி வாசலில் வெள்ளையும் சிவப்பும் பூசிய அளவுகோல், மாவிலை கட்டி நின்றது. நாதஸ்வரக்காரர் நனைந்துகொண்டே வாசித்தார்.

கணனி கணித்த மாதிரியின்படி பத்தரைக்கு ஆறு பெருகவேண்டும். பத்தரை ஆயிற்று. மழைத் தண்ணீர் ஒழுங்கை ஓரத்தால் விறுவிறென்று ஓடியது, மதகுக்குள் புகுந்தது, கடலுக்குள் விழுந்தது. ஓரிடத்திலும் நிற்கவில்லை. பதினொன்றுக்கு ஓர் உத்தியோகத்தர் அளவுகோலடியில் குந்தியிருந்து பார்த்தார். பூச்சியத்துக்குக் கீழே ஒரு தவளை இருந்தது.

“வள்ளத்தில் ஏறுவோம். ஆறு வந்துகொண்டிருக்கும்,” என்றார் பணிப்பாளர்.

அவரும் விருந்தினர் இருவரும் சரிந்த வள்ளத்தில் ஏறி அமர்ந்தார்கள். குருசுமுத்து தாங்கு கழியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். ஒருவரும் எங்கும் போகவில்லை. முக்கால் மணித்தியாலம் அப்படியே இருந்தார்கள். பிறகு பணிப்பாளர் வள்ளத்தில் எழுந்து நின்று பேசினார். விழாவென்றால் பேச்சு வேண்டும்தானே.

“அன்பர்களே, மாதிரி பிழைக்கவில்லை. மாதிரி இன்று காலை ஏழடி காட்டியது, இப்போதும் காட்டுகிறது. நிலம்தான் இன்னும் மாதிரியைப் பின்பற்றவில்லை. மனித வரலாற்றில் இது புதிதல்ல. நிலத்துக்கு எங்கள் பயிற்சி போதவில்லை. நிதி கிடைத்தால் இன்னும் மூன்று வருடத்தில் இந்த ஆற்றை இங்கே கொண்டுவந்து காட்டுவோம்!”

எல்லாரும் கைதட்டினார்கள். பாவம், அந்த மனிதர் நனைந்துபோய் நின்றார்.

“ஆற்றங்கரைவாசி ஒருவர் சாட்சி சொல்லட்டும்,” என்று அவர் குலசிங்கத்தாரைப் பார்த்தார். “நான்கு தடவை சரியாக அளந்தவர் நீங்கள். இப்போது தண்ணீர் எவ்வளவு?”

குலசிங்கத்தார் தன் காலைக் குனிந்து பார்த்தார். குசினி வாசலில் நின்றிருந்தார். அன்னபூரணம் பின்னால் நின்றாள். அவருக்குத் திடீரென்று ஒரு பயமும் இல்லை.

“ஐயா, செருப்படி நனையேல்லை.”

“பார்த்தீர்களா,” என்று பணிப்பாளர் விருந்தினர் பக்கம் திரும்பினார். “நேரில் பார்க்கிறவர் எப்படித் தவறுகிறார் என்று!”

ஆனாலும் கட்டளை கட்டளைதான். அளவுகோல் இரண்டடி காட்டாதபடியால் வெளியேற்றம் நடைமுறைக்கு வரவில்லை. எல்லாருக்கும் வடையும் பாற்கோப்பியும் கொடுத்தார்கள். வண்டியில் ஏறப் போகும்போது சறோஜினிதேவி குடையோடு குசினிப் பக்கம் வந்தாள். பந்தலை அண்ணாந்து பார்த்தாள்.

“நல்ல கிடுகு, அக்கா.”

“ஊர் முழுக்கப் பின்னினது பிள்ளை. அந்தச் சுற்றறிக்கை எழுதின ஆள் நல்லா இருக்கவேணும்,” என்றாள் அன்னபூரணம்.

“நான்தான் அடிச்சனான். அவர் வாசிக்காமல் கையெழுத்து வைச்சவர். அனலைதீவுக்கும் இப்ப ரெண்டு விழா போட்டிருக்கிறன். ரெண்டுக்கும் பந்தல் உண்டு.” சொல்லிவிட்டு ஓடிப்போய் வண்டியில் ஏறினாள்.

அந்த மாரி முழுவதும் குசினிக்குள் ஒரு துளி வரவில்லை. குலசிங்கத்தார் கரைந்த சுவரை மண் குழைத்துப் பூசினார். ஆணியில் தொங்கிய கடைத் திறப்பைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் அங்கேயே கொழுவினார். மனிதர் எவ்வளவோ நாளுக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தார். அதை அவரே அன்னபூரணத்திடம் சொன்னார்.

தை மாதம் மறுபடியும் நீளமான கடித உறை வந்தது.

‘புதிய செய்மதிப் படத்தில் தீவகம்-7 ஆற்றைக் காணவில்லை. கடைசியாக அவ்வாற்றுக்குள் குடியிருந்தவர் தாங்களே என்பதால், ஆறு எங்கே சென்றது என்பதைப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.’

குலசிங்கத்தார் குசினிக்குள்ளேயே கதிரையைப் போட்டு, மடியில் பலகை வைத்து, ஐந்தாவது கடிதத்தை எழுதினார். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அன்னபூரணம் தோசை சுட்டுக்கொண்டே கேட்டாள்.

“என்ன எழுதினனீங்கள்?”

“மதவுக்குள்ளை ஓலை கிடந்தது, எடுத்தம், தண்ணி கடலுக்குப் போட்டுது, ஆறு ஒருநாளும் இருக்கேல்லை எண்டு எழுதினனான். முந்தி எழுதின கழுத்து, இடுப்பு எல்லாம் பொய், கணுக்கால்தான் எண்டும் எழுதினனான்.”

அவள் தோசையைப் புரட்டாமல் திரும்பிப் பார்த்தாள்.

“உள்ளதை உள்ளபடி எழுதினா ஆரப்பா பதில் போடுவினம்?”

“அதுக்குத்தான்,” என்றார் குலசிங்கத்தார், உறையை நாக்கால் நனைத்து ஒட்டியபடி.